தீவில் கேட்ட மூன்றாவது குரல்

அந்த வெள்ளைக் கதிரை இரண்டாந்தரம் வந்தபோதுதான் நான் சிகரெட்டை வாயில் இருந்து எடுத்தேன்.

சாதாரணப் பிளாஸ்டிக் கதிரை. கோடை வந்தால் தோட்டத்தில் போட்டு உட்காருவார்களே, அது. யாரோ ஒரு குடிகாரன் பாலத்தில் நின்று ஆற்றுக்குள் எறிந்திருக்க வேண்டும். நாலு காலும் வானத்தைப் பார்க்க மல்லாந்து மிதந்தது. முதல்தரம் அது என் வலதுகைப் பக்கத்தால் வந்து, எனக்கு முன்னால் போய், இடதுகைப் பக்கம் பனிப்புகாருக்குள் மறைந்தது. கடலுக்குப் போகிறது, போய்ச் சேரட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பிறகு தூண்டிலில் இரை மாற்றினேன். ஒரு சிகரெட் பற்றவைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அதே கதிரை இடதுகைப் பக்கத்துப் புகாருக்குள் இருந்து வெளியே வருகிறது. அதே நாலு காலும் மேலே. எதையோ மறந்து வைத்துவிட்டு எடுக்கத் திரும்பி வருகிற ஆளைப்போல, அவசரமில்லாமல் வருகிறது.

எந்த ஊரில் ஐயா ஆறு திரும்பி ஓடும்?

நான் யாழ்ப்பாணத்தான். எங்கள் ஊரில் ஆறே கிடையாது. ஆறு என்பது புவியியல் பாடத்தில் படித்த ஒரு சங்கதி. மலையில் பிறக்கும், சமவெளியில் வளையும், கடலில் விழும். விழுந்தது எழும்பித் திரும்பி வரும் என்று எங்கள் வாத்தியார் சொல்லித்தரவில்லை.

சத்தமும் நின்றுவிட்டது. அதுவரை தண்ணீர் கற்களில் உரசிக்கொண்டு போகிற ஒரு சலசலப்பு இருந்துகொண்டே இருந்தது. அது இருந்தது என்பதே நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தேம்ஸ் நதிக்குள் ஒரு குட்டித் தீவு, சுற்றிவரப் புகார், கையில் தூண்டில் தடி, காலில் ஒரு சைஸ் பெரிய கம்பூட்ஸ். பகல் வெளிச்சத்தில் நின்றுகொண்டு நான் பயந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சூசை அண்ணை

என்னை அங்கே கொண்டுபோனவர் சூசை அண்ணை. அவரைப் பற்றி இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதவில்லை. எழுத முடியாமல் இருந்தது. இப்போது அவரும் இல்லை, அவருடைய அண்ணியும் இல்லை. ஆகவே எழுதலாம்.

எண்பதுகளின் கடைசிப் பக்கம். நான் கிங்ஸ்பரியில் ஒரு வீட்டின், கட்டில் மட்டும் கொள்கிற பெட்டி அறையில் குடியிருந்தேன். இரவில் பெற்றோல் ஸ்டேசனில் வேலை, பகலில் நித்திரை. காலையில் என்னிடம் ஷிப்ட் எடுக்க வருகிறவர் சூசை அண்ணை. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர், தலைமுறை தலைமுறையாகக் கடல்தொழில் செய்த குடும்பம். என்னைவிட நன்றாக மூப்பு. கட்டை உருவம், பெரிய கை. அந்தக் கையால் சில்லறையை எண்ணும்போது பார்க்கப் பாவமாக இருக்கும். ஆள் நல்ல பகிடிக்காரர். மழை பெய்தால் "லண்டன் அழுகுது, ஆரோ வீட்டு ரென்ற் கேட்டுட்டாங்கள்" என்பார்.

அவர் ஹாமர்ஸ்மித் பக்கம் ஒரு கவுன்சில் பிளாட்டில் தன் அண்ணி றீற்றா அக்காவோடு இருந்தார். அண்ணியும் மச்சானும் ஒரு வீட்டில் என்றால் எங்கள் ஆட்களின் நாக்கு சும்மா கிடக்குமா? கிடக்கவில்லை. ஆனால் அந்த வீட்டுக்குள் ஒருதரம் போய் வந்தவன் அப்படிக் கதைக்கமாட்டான். அந்த வீட்டில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். அவருக்காகத்தான் மற்ற இருவரும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

அவர் சூசை அண்ணையின் தமையன் பிலேந்திரன். றீற்றா அக்காவின் புருசன். நாட்டில் பிரச்சினை பெருத்த காலத்தில் ஆட்களைப் படகில் ஏற்றி ராமேஸ்வரக் கரையில் கொண்டுபோய் விடுகிற வேலை பார்த்தவர். ஒருநாள் இருட்டில் வெளிக்கிட்ட படகு அந்தக் கரைக்கும் போகவில்லை, இந்தக் கரைக்கும் வரவில்லை. ஒரு பலகை, ஒரு செருப்பு, ஒன்றும் ஒதுங்கவில்லை. இந்தியச் சிறை ஒன்றில் மறியலில் இருக்கிறார் என்று ஒரு கதை. வேறு பெயரில் எங்கேயோ இருக்கிறார் என்று இன்னொரு கதை.

றீற்றா அக்கா தாலியைக் கழற்றவில்லை. கோயிலில் செத்தவர்களுக்காகப் பெயர் வாசிக்கிற நாளில் பங்குச் சாமியார் மெல்லக் கேட்டிருக்கிறார், பிலேந்திரனின் பெயரையும் சேர்ப்போமா என்று. "ஆளைக் காட்டுங்கோ சாமி, பிறகு சேர்ப்பம்" என்று அக்கா சொல்லிவிட்டா.

சூசை அண்ணை அதற்கும் மேலே. பாரிசில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பிலேந்திரனின் சாயலில் ஒருவர் பாத்திரம் கழுவுகிறார் என்று எவனோ சொன்னான். அண்ணை லீவு போட்டுப் போனார். அது கொழும்புப் பொடியன் ஒருவன். திரும்பி வந்து, "மூக்கு மட்டும் அப்பிடியே இருந்தது தம்பி" என்றார். அதற்குப் பிறகும் இரண்டு வேலை செய்தார். தமையனைக் கண்டுபிடித்தால் கூப்பிடக் காசு வேண்டும், வந்தால் இருக்க ஒரு அறை வேண்டும், அதுதான் அவருடைய கணக்கு.

ஆற்றைப் பூட்டுகிற நாடு

மீன் விசயத்துக்கு வருகிறேன். கடல்தொழில் ஆள் கடலில்லாத இடத்தில் இருந்தால் கை துறுதுறுக்கும். அண்ணை ஒரு பழைய தூண்டில் தடியைச் சந்தையில் வாங்கினார். எனக்கும் ஒன்று வாங்கித் தந்தார். லைசென்சும் எடுத்தோம். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வாசகர் யாராவது ஆசிரியருக்கு எழுதுவார்கள்.

இந்த நாட்டில் ஆற்றுக்குப் பூட்டு உண்டு. மார்ச் நடுப்பகுதியோடு மீன்கள் சினைவிடுகிற காலம் என்று சொல்லிப் பூட்டிவிடுவார்கள். கோடையில்தான் திறப்பார்கள். பூட்டுவதற்கு முந்திய ஒன்றிரண்டு கிழமைதான் அண்ணைக்குத் திருவிழா. குளிர் கொஞ்சம் விட்டிருக்கும், மீனுக்குப் பசி வந்திருக்கும்.

நாங்கள் தேடிப்போனது சாண்டர் என்கிற மீனை. நீள உடம்பு, முதுகில் முள்ளுச் செட்டை, வாயில் நாய்ப்பல். அதன் கண்தான் விசேஷம். இருட்டுத் தண்ணீரில் வேட்டையாடுகிற மீன், ஆகவே மங்கல் வெளிச்சத்தில் கண் வெள்ளையாக மினுங்கும். கரையில் போட்ட பிறகும் மினுங்கும். முதல்தரம் கண்டபோது நான் அதன்மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடினேன்.

"என்னடாப்பா, மீனுக்குமோ பயம்?" என்று அண்ணை சிரித்தார்.

"பாக்குது அண்ணை."

"பாத்தால் பாக்கட்டும். நாளைக்குக் குழம்புக்குள்ளை கிடந்தும் பாக்கும்."

அது இந்த நாட்டு மீனே இல்லையாம். ஐரோப்பாவில் இருந்து கொண்டுவந்து விட்டது பெருகிவிட்டதாம். அதை எங்களுக்குச் சொன்னவர் கரையில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்து மீன்பிடிக்கிற ஒரு கிழவர். வெள்ளைக்காரர்கள் மீனைப் பிடிப்பார்கள், தடவுவார்கள், படம் எடுப்பார்கள், பிறகு முத்தம் கொடுக்காத குறையாகத் தண்ணீரில் விடுவார்கள். நாங்கள் பையில் போடுவதைக் கண்டு அந்தக் கிழவர் முகத்தைச் சுளித்தார். சாண்டர் என்று கண்டபிறகு தன் தூண்டிலைப் பார்க்கத் திரும்பிவிட்டார். வந்தேறிதானே, தின்றுவிட்டுப் போகட்டும் என்று நினைத்திருப்பார். சரக்குத்தூள் போட்டுப் புளி விட்டு வைத்தால் எங்கள் கலவாய் மீனுக்குக் கிட்ட வரும்.

சாணளவு கடல்

ஹாமர்ஸ்மித் பாலத்துக்குக் கொஞ்சம் மேலே, ஆற்றின் வடக்குக் கரையை ஒட்டி ஒரு நீளத் தீவு இருக்கிறது. வில்லோ மரப் பற்றைகளைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. தண்ணீர் வற்றுகிற நேரம் கரையில் இருந்து அதற்குச் சேற்றாலும் கல்லாலும் நடந்தே போகலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை விடிய நாங்கள் போனபோது அப்படித்தான் வற்றிக் கிடந்தது.

"அங்காலைப் பக்கம் ஆழம் தம்பி. பெரிசுகள் அங்கைதான் நிக்கும்" என்றார் அண்ணை.

கிழவர் தன் மடக்குக் கதிரையில் இருந்தபடி எங்களைப் பார்த்து, "தண்ணீர் ஏறும், கவனம்" என்றார். அண்ணை திரும்பிப் பார்த்து, பெரிய மனுசன் மாதிரிக் கையை ஆட்டினார். பிறகு தமிழில் எனக்குச் சொன்னார்.

"கடலிலை பிறந்தவனுக்குக் கடல் ஏறிறதைப் பற்றிச் சொல்லுறான் பார்."

இங்கேதான் கணக்குப் பிழைத்தது. எங்கள் கடல் ஏறும், இறங்கும். எவ்வளவு? ஒரு சாண். மிஞ்சினால் முழம். மன்னாரில் கட்டிய வள்ளம் காலையில் நின்ற இடத்திலேதான் மாலையிலும் நிற்கும். அந்தக் கணக்கை அண்ணை லண்டனுக்கும் கொண்டுவந்திருந்தார். இந்த ஆறு ஒருநாளில் இரண்டு தரம் இரண்டு ஆள் உயரத்துக்கு ஏறி இறங்குகிறது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கரையிலேயே நின்று மீன்பிடித்த நாட்களில் தண்ணீர் கூடக் குறைய நின்றதைக் கண்டிருக்கிறோம். மேலே எங்கேயோ மழை என்று நினைத்துக்கொண்டோம்.

தீவில் ஏறியதும் அண்ணை மேற்குத் தலைப்புக்குப் போனார். நான் கிழக்குத் தலைப்பில் நின்றேன். நடுவே வில்லோப் பற்றை. போன கையோடு அவருக்கு ஒரு சாண்டர் பட்டுவிட்டது. "ஒண்டு வந்திட்டுது தம்பி!" என்று கத்தியது கேட்டது. அதோடு புகார் இறங்கியது. பற்றை மறைந்தது, அண்ணை மறைந்தார், எதிர்க்கரை மறைந்தது. அப்போதுதான் கதிரை போனது, பிறகு கதிரை வந்தது.

சேறு

கதிரையைக் கண்டதும் நான் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு திரும்பினேன். அண்ணையிடம் போயிருக்க வேண்டும். பயந்தவனுக்குப் புத்தி எங்கே? நேரே கரைக்குப் போவோம், வந்த வழிதானே என்று தீவின் கரைப்பக்கம் இறங்கினேன்.

வந்த வழி இல்லை. நடந்து வந்த கற்களின் மேலே தண்ணீர் நின்றது. சத்தம் போடாத தண்ணீர். அலை இல்லை, நுரை இல்லை. பார்த்துக்கொண்டு நிற்கக் கல் ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. முழங்கால் ஆழம்தானே என்று காலை வைத்தேன். நாலைந்து அடி சரியாகப் போனது. அதற்கடுத்த அடியில் வலதுகால் போனது, போய்க்கொண்டே இருந்தது. இழுக்க இடதுகாலை ஊன்றினேன். அதுவும் போனது.

சேற்றுக்குள் நின்று பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். இழுக்க இழுக்கக் கீழே யாரோ இருந்துகொண்டு கம்பூட்சைப் பிடித்திருப்பது போலவே இருக்கும். தொடைவரை சேறு, அதன்மேலே தண்ணீர். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. அந்தக் குளிர் மூச்சை வாங்கிக்கொண்டது.

"அண்ணை!" என்று கத்தினேன்.

பதில் இல்லை. புகார் என் குரலைத் தின்றுவிட்டது என்று நினைத்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இன்னொருதரம் கத்தினேன்.

"சூசை அண்ணை! அண்ணை!"

ஒன்றும் இல்லை. தூரத்தில் துடுப்புகள் ஒன்றாக விழுகிற சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவர்கள் நீளப் படகுகளில் பயிற்சி எடுப்பார்கள், அவர்களுக்குப் பின்னால் ஒருவர் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போவார். அந்த ஒலிபெருக்கி எந்தப் பக்கம் என்றே தெரியாமல் ஏதோ சொன்னது. அவர்களைக் கூப்பிட வாயைத் திறந்தேன். பல்லு அடித்துக்கொண்டது, குரல் வரவில்லை. காற்றுத்தான் வந்தது. தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியது.

அம்மாவை நினைத்தேன், முருகனை நினைத்தேன் என்றெல்லாம் எழுத ஆசைதான். உண்மையைச் சொன்னால், அண்ணைமேல் ஆத்திரம்தான் வந்தது. கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டு பேசாமல் இருக்கிறாரே மனுசன், நான் சாகிறது கேட்கவில்லையா என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போது பற்றை முறிகிற சத்தம் கேட்டது. அண்ணை புகாருக்குள் இருந்து ஓடிவந்தார். முதுகில் மீன்பை, கையில் ஒரு கட்டு வில்லோக் கொப்பு. என்னைக் கண்டதும் நிற்கவில்லை. கொப்புகளைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு நெஞ்சால் விழுந்து நீந்தி வந்தார்.

"நிமிராதையும்! படும்! கொப்பிலை குப்புறப் படும்!"

"ஏலாது அண்ணை!"

"பூட்சை விடும் விசரா! காலை மட்டும் எடும்!"

மரியாதைக்கு நீர், உம்மை என்று கதைக்கிற மனுசன் விசரா என்று கத்தினார். நான் கொப்பின்மேல் குப்புற விழுந்தேன். அவர் என் கக்கத்துக்குள் கையைக் கொடுத்து இழுத்தார். ஒரு கால் வந்தது, மற்றதும் வந்தது. கொப்போடு என்னையும் தள்ளிக்கொண்டு கரைக்கு நீந்தினார். கம்பூட்ஸ் இரண்டும் தேம்சுக்குச் சொந்தமாகிவிட்டன. இன்றைக்கும் அங்கேதான் கிடக்கும்.

கரையில்

கரைப்படியில் இரண்டுபேரும் சேற்றுப் பன்றிகள் மாதிரிக் கிடந்தோம். புகார் கலைய, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே தீவு சுருங்கியது. கிழவர் ஒருமுறை எங்களைப் பார்த்துவிட்டுத் தன் பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியைக் கொண்டுவந்து தந்தார். திரும்பிப் போய் இருந்துகொண்டார்.

தேத்தண்ணி உள்ளே போனதும் எனக்குக் கோபம் திரும்பி வந்தது.

"கூப்பிட்டது கேக்கேல்லையோ அண்ணை?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "கேட்டது."

"கேட்டும் ஏன் வரேல்லை?"

"குறை நினையாதையும் தம்பி. எங்கடை பக்கம் ஒரு பழக்கம். தண்ணியிலை நிக்கேக்கை ஆள் தெரியாமல் ஒரு குரல் கூப்பிட்டால் வாய் திறக்கக் கூடாது. அசையவும் கூடாது. மூண்டாந்தரமும் கூப்பிட்டால்தான் மனுசன். பேயாலை மூண்டு தரம் கூப்பிட ஏலாது. ரெண்டு தரம் கேட்டது, நான் கொன்றியாவை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்." கழுத்தில் கிடந்த செபமாலையைத் தொட்டுக் காட்டினார். "என்ன செய்யிறது, சின்னனிலை ஊறினது. லண்டன் எண்டு மனசு நினைக்கேல்லை. மூண்டாந்தரம் கேட்ட உடனை ஓடி வந்தனான்."

பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. தாடை நடுங்க நடுங்கச் சிரித்தார்.

"எண்டாலும் நீர் நல்ல ஆள். மூண்டாந்தரம் 'டேய் சூசை' எண்டு போட்டீரே! எனக்கு உச்சியிலை அடிச்ச மாதிரி இருந்தது. பரவாயில்லை, உயிர் போற நேரம் ஆர் மரியாதை பாக்கிறது."

எனக்கு விளங்கவில்லை. "நானோ? உங்களை டேய் எண்டோ?"

"ஓம். 'டேய் சூசை' எண்டு. நல்லாக் கேட்டது, பக்கத்திலை நிண்டு சொன்ன மாதிரி."

"நான் ரெண்டு தரம்தான் கூப்பிட்டனான் அண்ணை. ரெண்டு தரமும் அண்ணை எண்டுதான். பிறகு குரலே வரேல்லை."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது. சூசை அண்ணையின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. அவர் தீவைப் பார்த்தார். அங்கே பற்றையின் தலைகள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன.

ஒலிபெருக்கிக்காரனின் குரல்தான் அது என்று நான் இன்றைக்கும் சொல்வேன். புகாரில் சத்தம் வளைந்து நெளிந்து வரும். பயந்தவன் காதில் எதுவும் தன் பெயராகத்தான் கேட்கும். ஆனால் வெள்ளைக்காரன் டேய் என்று கூப்பிடுவானா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

"லண்டனிலை என்னை டேய் எண்டு கூப்பிட ஒருத்தரும் இல்லைத் தம்பி" என்றார் அண்ணை. பிறகு, "பேயாலை மூண்டு தரம் கூப்பிட ஏலாது எண்டுதான் சொல்லுறது. ஒருதரம் கூப்பிட ஏலாது எண்டு ஆரும் சொல்லேல்லை" என்றார்.

நான் அவருடைய கையைப் பிடித்தேன். அது என்னுடையதைவிடக் குளிர்ந்திருந்தது.

"அண்ணிக்குத் தெரியக்கூடாது. கேட்டால் மூண்டு தரமும் நீர்தான். விளங்குதோ? அவ அவர் வருவார் எண்டுதான் இருக்கிறா. இது தெரிஞ்சால் முடிஞ்சு போவா."

"ஓம் அண்ணை."

"சத்தியம் பண்ணும்."

பண்ணினேன்.

குசினி

பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. அவ்வளவு சேறு. வீட்டுக் கதவைத் திறந்த றீற்றா அக்கா முதலில் என் வெறுங்காலைத்தான் பார்த்தா. பிறகு எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்தா. என்னைக் குளிக்க அனுப்பினா. நான் அண்ணையின் சாரத்தைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது ஹீற்றருக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கதிரை போட்டிருந்தது. மல்லித் தண்ணி கொதித்த மணம் வந்தது.

அண்ணை சேற்றைக் கழுவி உடுப்பு மாற்றிக்கொண்டு தொட்டியடியில் நின்று சாண்டரின் செதிள் வழித்துக்கொண்டிருந்தார். மீனின் கண் இன்னும் மினுங்கியது. நடந்ததை அவர்தான் சொன்னார், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பகிடியாக. தண்ணீர் ஏறியது, நான் புதைந்தது, கம்பூட்ஸ் போனது. இரண்டு தரம் கூப்பிட்டும் தான் பேசாமல் நின்றதையும், மூன்றாந்தரம் கேட்டு ஓடியதையும் சொன்னார். அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் வேகமாகச் சொன்னார்.

றீற்றா அக்காவும் கடல்கரைப் பெண்தானே. அந்தப் பழக்கம் அவவுக்கும் தெரியும். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவ என் பக்கம் திரும்பினா.

"தம்பி, மூண்டு தரமும் நீங்கள்தானே கூப்பிட்டனீங்கள்?"

அண்ணையின் கத்தி நின்றது.

"ஓம் அக்கா. நான்தான்."

"என்னெண்டு கூப்பிட்டனீங்கள்?"

அவ கேட்ட விதத்தில் ஒரு பாரமும் இல்லை. உப்புக் காணுமா என்று கேட்பது போலத்தான் கேட்டா.

"ரெண்டு தரம் அண்ணை எண்டு. அதுக்குப் பிறகு, குறை நினையாதேங்கோ அக்கா, டேய் சூசை எண்டும் கத்திப்போட்டன். ஆத்திரம் வந்திட்டுது."

அக்கா சிரித்தா. நன்றாகவே சிரித்தா. "இவனுக்கு அது வேணும்" என்றா. கத்தி மறுபடி வழிக்கத் தொடங்கியது. பிறகு குழம்பு வைத்தா, நாங்கள் சாப்பிட்டோம், அண்ணை இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன்.

அண்ணை குளிக்கப் போன நேரம் நான் அவருடைய கால்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். இரவு வேலை இருந்தது. வெறுங்காலோடு எப்படிப் போவது, அண்ணையின் செருப்பை வாங்கிக்கொண்டு போவோமா என்று யோசிக்க, அக்கா தன் அறைக்குள் போய் ஒரு பெட்டியோடு வந்தா. கடைப்பெட்டி. உள்ளே ஆண்கள் போடுகிற தோல் சப்பாத்து, கறுப்பு, ஒருநாளும் போடாதது. அடைத்திருந்த கடதாசிகூட எடுக்கவில்லை.

"போடுங்கோ."

"ஆரின்ரை அக்கா இது?"

"அவரின்ரை. வந்து இறங்கினால் குளிருக்குக் காலிலை போட ஒண்டும் இருக்காதெண்டு வாங்கி வைச்சனான். இது இருக்கிறது சூசைக்குத் தெரியாது." கடதாசியை இழுத்து வெளியே எடுத்தா. "இனி நீங்கள் போடுங்கோ."

குளியலறையில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. அக்கா குரலைத் தாழ்த்தினா.

"தம்பி, நீங்கள் அவனை டேய் எண்டு கூப்பிடுற ஆள் இல்லை. செத்தாலும் கூப்பிடமாட்டியள். எனக்குத் தெரியும் அது ஆரெண்டு."

"அக்கா..."

"கேளுங்கோ. சூசை எப்பவாவது உங்களைக் கேட்டால், மூண்டு தரமும் நான்தான் எண்டு சொல்லுங்கோ. எனக்குச் சொன்ன மாதிரியே முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. தமையன் எங்கையோ இருக்கிறான் எண்டுதான் அவன் ரெண்டு வேலை செய்துகொண்டு ஓடித் திரியிறான். அதை உடைச்சுப் போடாதேங்கோ. அவன் தாங்கமாட்டான்."

"ஓம் அக்கா" என்றேன்.

கதவடியில் இருந்து சப்பாத்தைப் போட்டேன். என் விரல்கள் இன்னும் விறைத்துத்தான் இருந்தன, கயிறு பிடிபடவில்லை. றீற்றா அக்கா கீழே குந்தி, என் கையைத் தட்டிவிட்டு, இரண்டு சப்பாத்தையும் தானே இறுக்கிக் கட்டிவிட்டா.